உபுண்டு எங்கேயும் போகவில்லை

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்திருக்கும் மடிக்கணினி. விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவினால், அடுத்த முறை கணினியைப் போடும்போது இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியலைக் காணோம். நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. உபுண்டு அழிந்துவிட்டதென்று பதறி அதையும் மறுபடி நிறுவுவோர் உண்டு. பெரும்பாலும் வேண்டாத வேலை.

கணினி விழித்ததும் மதர்போர்டிலுள்ள ஃபர்ம்வேர், பூட்லோடர் என்ற சிறு நிரலைத் தேடி ஓடவிடும். அதுதான் இயங்குதளத்தின் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். லினக்ஸில் இந்த வேலை பெரும்பாலும் கிரப்புடையது. 1995இல் எரிக் போலின் இதைத் தொடங்கியது குனு ஹர்டு என்ற வேறொரு இயங்குதளத்துக்காக, லினக்ஸுக்காக அல்ல.

பயாஸ் என்ற ஃபர்ம்வேர் கொண்ட பழைய கணினிகளில் பதறக் காரணம் இருந்தது. பூட்லோடரின் முதல் துண்டுக்கு இடம் வட்டின் முதல் 512 பைட்டில்தான். அதில் பார்டிஷன் அட்டவணைக்கு 64, முடிவுக் குறிக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். ஒருவருக்கே போதாத திண்ணை. விண்டோஸை நிறுவினால் கிரப்பை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காமல்.

யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் கொண்ட இன்றைய கணினிகளில் அப்படியில்லை. இஎஃப்ஐ பார்டிஷன் என்று ஃபேட்32 வடிவில் தனி இடம் உண்டு; விண்டோஸ் உருவாக்கினால் வழக்கமாக 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். எதை முதலில் ஓட்டுவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. புதிதாக வந்த விண்டோஸ் தன்னை அந்த வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஃபர்ம்வேர் அமைப்புக்குள் போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் பட்டியல் திரும்பிவிடும். வட்டைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இப்படி மாற்றினால் அது கேட்கக்கூடும். வரிசையில் உபுண்டுவின் பெயரே இல்லையென்றால், பென்டிரைவிலிருந்து லைவ் உபுண்டுவை ஓட்டி கிரப்பை மட்டும் மறுபடி நிறுவலாம். கோப்புகளில் கைவைக்க வேண்டியதில்லை.

கவனம் வேண்டிய இடம் வேறு. நிறுவும்போது பார்டிஷன்களைக் காட்டும் திரையில், இஎஃப்ஐ பார்டிஷனுக்கு நேரே 'ஃபார்மேட்' குறி விழுந்துவிட்டால் இரண்டு பூட்லோடர்களும் போய்விடும். விண்டோஸுக்குள் இருந்துகொண்டு லினக்ஸ் பார்டிஷனை நீக்குவதும் வம்புதான்: கிரப்பின் அமைப்புக் கோப்பு அங்கேதான் இருக்கிறது. விண்டோஸை வரிசையில் முதலில் வைத்துவிட்டு நீக்குங்கள்.

கிரப் திரும்பியும் பட்டியலில் விண்டோஸ் இல்லையா? 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரைப் பாதுகாப்புக் கருதி இயல்பிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸும் வந்துவிடும்.