பாவிலேயே விட்டுப்போன இழை

தாய் ஆடு தேறிவிட்டது, குட்டி மட்டும் தலை நிற்காமல், காம்பு தேடத் தெரியாமல் பிறந்திருக்கிறது. "தாய்க்கு வந்த நீலநாக்கு நோய் வயிற்றுக்குட்டிக்கும் போகுமா?" என்று குமாரபாளையம் வாசகர் கேட்கிறார். போகும். ஆனால் எல்லா வகை வைரஸும் போவதில்லை; போனாலும் எல்லாக் குட்டியும் ஒன்றுபோல் கெடுவதில்லை.

கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி பரப்பும் நோய் இது. இதைத் தடுக்க 1950களில் கலிபோர்னியாவில், கோழிமுட்டையின் கருவில் வளர்த்து வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசியைச் சினை ஆடுகளுக்குப் போட, மூளை கெட்ட குட்டிகள் பிறந்தன.

விஷயம் நாள் கணக்கில் இருக்கிறது. செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். அந்தத் தடுப்பூசி வைரஸ் 50ஆம் நாளையொட்டிக் கருவுக்குள் நுழைந்தால், மூளையாக வேண்டிய இளஞ்செல்களையே அழித்துவிடும். பெருமூளை இருக்கவேண்டிய இடத்தில் நீர்ப்பைதான் மிஞ்சும். 75ஆம் நாள் வாக்கில் நுழைந்தால் மூளை இருக்கும், உள்ளே குழிகளோடு. 100ஆம் நாளில் என்றால் லேசான அழற்சியோடு போய்விடும்.

குமாரபாளையம் போன்ற தறி ஊர்க்காரருக்கு இது எளிதாகப் புரியும். நெய்யும்போது இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடலாம். பாவு, அதாவது தறியின் நீளவாட்டு இழைகள், ஓட்டும்போதே ஓர் இழை விட்டுப்போனால், பாவு தீரும்வரை ஒவ்வொரு லுங்கியிலும் அந்தக் கோடு ஓடும்; 75ஆம் நாள் குழி அப்படித்தான். பாவு ஓட்ட ஆளே இல்லையென்றால்? 50ஆம் நாள் கருவின் நிலை அதுதான். 100ஆம் நாளிலோ முடிச்சுப் போடும் ஆள், அதாவது நோயெதிர்ப்பாற்றல், வேலைக்கு வந்தாயிற்று.

2006இல் வட ஐரோப்பாவில் பரவிய 8ஆம் வகை நீலநாக்கு வைரஸ், அந்தத் தடுப்பூசி வைரஸைப் போல ஆய்வகத்தில் பழக்கப்படாமலே கருவைத் தொட்டது. அதை வைத்து நீலநாக்கு வந்த ஆடெல்லாம் ஊனக்குட்டி போடும் என்று கிளப்புவது வீண் பீதி. 1ஆம் வகை கருவுக்குப் போவதாக 2020இல் வந்த இந்திய ஆய்வு, எதிர்ப்பாற்றலை முடக்கிய எலிகளில் நடந்தது, எலி செம்மறியாகாது. நம் நாட்டில் தயாராகும் ஐந்துவகைத் தடுப்பூசியில் இருப்பது கொன்ற வைரஸ். அது கருவில் பெருக வழியே இல்லை.

சினையில் செம்புச்சத்து குறைந்தாலும் தள்ளாடும் குட்டி பிறக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. தாயின் எதிர்ப்பொருள் ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சீம்பாலில்தான் குட்டிக்குக் கிடைக்கும். பால் குடிக்குமுன் எடுத்த ரத்தத்தில் நீலநாக்குக்கான எதிர்ப்பொருள் இருந்தால், அது குட்டி வயிற்றுக்குள்ளேயே தானாக உண்டாக்கியது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்த கையோடு குட்டியைச் சீம்பாலுக்கு விட்டுவிட வேண்டும்.