யானைக்குச் சொந்தம், கடலில் மேயுது! வலையில் மூச்சு முட்டிச் சாகும் கடல் பசு

திருவொற்றியூர்,

கடலுக்குள்ளே பசு மேயுமா? மேயும். குட்டிக்குப் பாலும் கொடுக்கும். ஆனால் அது மாட்டுக்குச் சொந்தம் இல்லை, யானைக்குச் சொந்தம்!

அதுதான் கடல் பசு. பாக் விரிகுடா பக்கத்து மீனவர்கள் இதை ‘ஆவுளியா’ என்பார்கள். 10 அடி நீளம், 400 கிலோ எடை வரை வளரும். 70 வருடம் வரை உயிர் வாழும். நாடு முழுவதும் சேர்த்து சுமார் 240 கடல் பசுக்கள்தான் இருக்கின்றன என்று 2022-ம் ஆண்டு தமிழக அரசு கணக்கு சொன்னது. அதில் பெரும்பகுதி நம்ம தமிழ்நாட்டுக் கடலில்தான்.

நம்ம ஊர் பக்கம் ஏன் இல்லை?

கடல் பசு மீன் தின்னாது. கடல் தரையில் முளைக்கும் புல்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேய்ந்து தள்ளும். அந்தப் புல் வளர வேண்டும் என்றால் வெயில் தரை வரை எட்ட வேண்டும். அதற்கு ஆழம் குறைவாகவும், தண்ணீர் கலங்காமலும் இருக்கணும்.

காசிமேடு, எண்ணூர் பக்கம் அலை ஓயாமல் மண்ணைப் புரட்டிப் போடுகிறது. புல் வேர் பிடிக்க வழி இல்லை. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவின் கரையோரத்திலும் ஆழம் குறைவு, அலையும் குறைவு. அதனால் அங்கே புல்வெளி இருக்கிறது, கடல் பசுவும் இருக்கிறது. குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலும் அந்தமானிலும் கொஞ்சம் உண்டு.

நாலு காலில் நடந்தது

இதன் முன்னோர்கள் கரையில் நாலு காலில் நடந்தவை. ஜமைக்கா நாட்டில் கிடைத்த 5 கோடி ஆண்டு பழைய எலும்புகள் அதற்கு சாட்சி. தண்ணீரில் இறங்கிய பிறகு முன்னங்கால் துடுப்பாக மாறியது. பின்னங்கால் மறைந்து வால் வந்தது. யானைக்கு முன்னங்கால் பக்கம் மடி இருப்பது போல, இதற்கும் துடுப்புக்குக் கீழேதான் மடி. கடல் கன்னி கதைகள் இதைப் பார்த்துத்தான் வந்திருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு.

எமனாகும் வலை

மீன் மாதிரி செவுள் இதற்குக் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால், தண்ணீரிலேயே வாழும் மிருகம் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோமே, அதுவும் இதே கதைதான். ஆமைக்கும் நுரையீரல்தான்.

ஆனால் ஆமை ஒரே தடவையில் நூறு முட்டை போடும். கடல் பசு 13 மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடம் ஆகும். ஒரு தாய் செத்தால் அந்த இடம் நிரம்ப பல வருடம் ஆகும். முன்பெல்லாம் கறிக்காகவும் வெட்டினார்கள். இப்போது வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை!

27 வருடத்தில் காலி

வட பசிபிக் கடலில் இதைவிடப் பல மடங்கு பெரிய கடல் பசு இனம் ஒன்று இருந்தது. 1741-ல் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானி அதைப் பார்த்து எழுதி வைத்தார். மாலுமிகள் கறிக்காக வேட்டையாடியே 1768-க்குள் அந்த இனத்தை அடியோடு அழித்து விட்டார்கள்.

அனல் மின் நிலையத்தில் தஞ்சம்

எண்ணூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சேதி இது. அமெரிக்காவின் புளோரிடாவில் ‘மானட்டி’ என்ற உறவுக்கார இனம் இருக்கிறது. கடல் பசுவின் வால் திமிங்கலம் போல பிளந்திருக்கும். மானட்டிக்கு வட்டமாக, துடுப்பு மாதிரி இருக்கும். குளிர் காலத்தில் அவை மின் நிலையங்கள் வெளியே விடும் சுடு தண்ணீரைத் தேடி வந்து கூட்டமாகக் கிடக்கும்.

கதகதப்பு கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. கழிவு நீரும் உரமும் கலந்ததில் தண்ணீரில் பாசி மண்டி, வெயில் மறைந்து, புல் செத்தது. 2021-ம் ஆண்டில் மட்டும் 1,100 மானட்டிகள் இறந்தன. அதில் ஏராளமானவை பட்டினியால்! கடைசியில் அதிகாரிகளே கீரையை வாங்கி வந்து தண்ணீரில் போட வேண்டியதாயிற்று.

448 சதுர கி.மீ. பாதுகாப்பகம்

நம்ம பக்கம் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 21-ந்தேதி தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோ மீட்டரை கடற்பசு பாதுகாப்பகமாக தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். அங்கே 12 ஆயிரம் எக்டேருக்கு மேல் கடல் புல் இருக்கிறது. அந்தப் புல்வெளி மீன், இறால், நண்டு குஞ்சுகளுக்குத் தொட்டில் மாதிரி. புல் போனால் கடல் பசுவோடு மீனவர் பிழைப்பும் சேர்ந்துதான் போகும்.

கடலில் 24 மணி நேரமும் போலீஸ் நிற்க முடியாது. வலையில் சிக்கிய கடல் பசுவைக் காப்பாற்றுவது அந்தப் படகில் இருக்கிற மீனவர் கைதான். வலை கிழிந்தால் நஷ்டம் என்று தெரிந்தும், அறுத்து விட்டு உயிரோடு அனுப்பிய மீனவர்கள் பாக் விரிகுடாவில் உண்டு. வனத்துறை அவர்களைப் பாராட்டி வெகுமதியும் கொடுத்திருக்கிறது.

நம்ம கடலில் கடல் பசு இல்லைதான். ஆனால் ஆமையும் டால்பினும் உண்டு. அவையும் மேலே வந்துதான் மூச்சு வாங்குகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.