மழை வந்தால் மக்கர்!

இருபத்தைந்து வயதில் எனக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க இருந்தது. கிடைக்கவில்லை. காரணம் ஜாதகம் இல்லை. சிபாரிசு இல்லாததும் இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் சாமான். பெயர் பிளக் கேப். விலை அப்போது ஐம்பது ரூபாய்க்குள்தான்.

2015 நவம்பர். அந்த நவம்பரைச் சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் முதல் தேதி ஊரை மூழ்கடிப்பதற்கு முன்னால், வானம் ஒரு மாசம் ரிகர்சல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் வவுச்சராக டிக் அடித்துக்கொண்டிருந்த எனக்கு, நந்தனத்தில் ஒரு பெரிய கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து இன்டர்வியூ கார்டு. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை நம்பி வீட்டில் ஒரு சம்பந்தமும் காத்துக்கொண்டிருந்தது. "பையனுக்கு நிலையான உத்தியோகமா?" என்று பெண்ணின் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வண்டி, அப்பாவுடைய பழைய நூறு சிசி. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம், அதன் மேல் தப்பில்லை. ராத்திரி முழுக்கப் பெய்துவிட்டு, காலையில் தூறல் மட்டும் மிச்சம். மேற்கு மாம்பலத்தில் ஏறி அரங்கநாதன் சுரங்கப்பாதையில் இறங்கினேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர். பாதி தூரம் போவதற்குள் எதிரே வந்த ஒரு வேன், என் இஸ்திரி போட்ட சட்டை, சர்ட்டிபிகேட் ஃபைல், எஞ்சின் மூன்றுக்கும் பாரபட்சம் பார்க்காமல் அபிஷேகம் செய்துவிட்டுப் போனது. மேடு ஏறும்போது வண்டி இரண்டு தடவை விக்கியது. நின்றது.

உதைத்தேன். அறுபது உதை இருக்கும். நம்ம ஊரில் ஒருத்தன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் மெக்கானிக். "சோக்கைப் போடுங்க சார்" என்றார் ஒருவர். "சோக்கை எடுங்க" என்றார் அடுத்தவர். "ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிங்க" என்றார் குடையோடு வந்த பெரியவர். "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்காதவர்கள் யாரும் இல்லை. எல்லாவற்றையும் செய்தேன். சாய்த்துவிட்டுப் பெட்ரோல் மூடியைத் திறந்துகூடப் பார்த்தேன், மழையிலேயே! கடைசியில் தள்ளினேன்.

மேட்டுக்கு அப்பால் ஒரு பாயின் ஒர்க்ஷாப். ஒர்க்ஷாப் என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு ஸ்டூல், ஒரு டப்பா ஸ்பேனர். பாய் வண்டியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். பிளக் கேப்பைப் பிடுங்கினார். உள்ளேயிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொட்டியது. பழைய பனியன் துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தார். வயரின் நுனியைப் பிளேடால் அரை சென்டிமீட்டர் வெட்டினார். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை உதை உதைச்சே சார்?"

"ஒரு... அம்பது."

"அதான் பெட்ரோல்ல குளிச்சிருக்கு. மழை செஞ்சது ஒண்ணு, நீ செஞ்சது ஒண்ணு."

பிளக்கையும் துடைத்து மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிக்கொண்டு உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி ஒரு புகையை விட்டுப் பிடித்துக்கொண்டது. மொத்தம் ஐந்து நிமிஷம். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. ரிசப்ஷனில் இருந்த பெண் தரையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "பேனல் முடிஞ்சிடுச்சு சார். நாங்களே கூப்பிடறோம்" என்றாள். நான் இன்னும் போன் நம்பரை மாற்றவில்லை.

சம்பந்தமும் போயிற்று. (இந்தப் பாராவைப் படித்துவிட்டு என் மனைவி, "அந்தப் பொண்ணு தப்பிச்சா" என்றாள்.)

அன்றைக்கு நான் தோற்றது மழையிடமா, மடத்தனத்திடமா என்ற சந்தேகம் என்னை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக்கொண்டு பாயிடமே போய் உட்கார்ந்தேன். நான் பி.காம். எனக்கு டெபிட், கிரெடிட் பாஷைதான் புரியும். பாய் சொன்னதை அந்தப் பாஷையில் சொல்கிறேன்.

வண்டியில் பாட்டரியோ மேக்னட்டோ கொடுப்பது கொஞ்சூண்டு கரன்ட். அதை ஹெச்.டி. காயில் என்கிற சாமான் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தூக்கிவிடுகிறது. அது வயர் வழியாக, பிளக் கேப் வழியாக, பிளக்கின் நுனிக்குப் போய் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அதுதான் ஸ்பார்க். ஆனால் அவ்வளவு வோல்ட்டேஜை அடைத்து வைப்பது லேசில்லை. "அது சோம்பேறி சார். ஷார்ட் ரூட்டு கெடச்சா அப்டியே பூந்து போய்டும்" என்றார் பாய். கேப்பில் மயிரிழை விரிசல், வயரின் மேல் தார்ரோட்டுப் புழுதி, அதன் மேல் மழைத்தண்ணீர். போதும். சுத்தமான தண்ணீரில் கரன்ட் அவ்வளவாகப் பாயாது. ரோட்டுத் தண்ணீர் அப்படியா? உப்பும் அழுக்கும் கலந்தது. வெளிப்பக்கமாகவே எஞ்சின் பாடிக்கு ஓடிவிடும். சம்பளம் முழுசாகத்தான் போடுகிறார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வழியிலேயே கரைந்துவிடுகிறதே, அந்தக் கதைதான். காயில் கொடுக்கிறது. பிளக்குக்கு வந்து சேருவதில்லை.

ஆகவே மழையில் வண்டி நின்றால் உதைப்பது கடைசி வேலை. சாவியை அணைத்துவிட்டு முதலில் பிளக் கேப்பைத் திருகினாற்போல் இழுத்து எடுங்கள். உள்ளே துணி விட்டுத் துடையுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான், வயர், காயில் வரைக்கும் துடையுங்கள். கர்ச்சீப் போதும். அது நனைந்திருந்தால் உள்ளே போட்டிருக்கும் பனியன், வெட்கப்படாதீர்கள். பாதி வண்டிகள் இதற்கே கிளம்பிவிடும்.

கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்ற வேண்டும். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக் ஸ்பேனர் இருக்கிறது. வண்டி வாங்கிய அன்றைக்குப் பார்த்தது, ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி சாய்த்து வைத்து உதைத்துப் பாருங்கள். நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு வந்தால் நல்ல ஸ்பார்க். மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் அது எஞ்சினுக்குள் வேலை செய்யாது. வெளிக்காற்றில் குதிப்பது சுலபம், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் காற்றில் குதிப்பது கஷ்டம். பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இந்தப் பரீட்சையைச் செய்யாதீர்கள். உங்களுக்கும் ஸ்பார்க் வரும். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும்.

ஸ்பார்க்கே இல்லையா? கேப், காயிலை எல்லாம் விட்டுவிட்டு வலது கைப்பிடியில் சிவப்பாக இருக்கிற கில் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். சி.டி.ஐ. உள்ள பல பழைய வண்டிகளில் இந்த ஸ்விட்ச் கரன்ட்டை வெட்டுவதில்லை; எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. சாவி ஸ்விட்சும் அப்படியே. உள்ளே தண்ணீர் புகுந்தால், நீங்கள் ஆன் செய்து வைத்திருந்தாலும் அது ஆஃப் ஆகவே நடந்துகொள்ளும். பத்து இருபது தடவை படபடவென்று போட்டு அணைத்து, வாயால் ஊதினால் சில நேரம் சரியாகும். மெக்கானிக் என்றால் ஸ்விட்சின் வயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பார்ப்பார். வண்டி கிளம்பினால் திருடன் பிடிபட்டான். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் வண்டி அணையாது, கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். என் நண்பர் ஒருவர் இது தெரியாமல் ஆபீஸ் வாசலில் கால் மணி நேரம் முழித்துக்கொண்டு நின்றார்.

பழைய புல்லட், ஜாவா வைத்திருக்கும் பிரகஸ்பதிகளுக்குத் தனி மருந்து. அவற்றில் சி.டி.ஐ. கிடையாது. பாயின்ட் என்று இரண்டு உலோகப் பொட்டுகள் தொட்டுப் பிரியும். அதன் நடுவே ஈரம் பூத்தால் வண்டி செத்தது. மூடியைக் கழற்றி, பொட்டுகளுக்கு நடுவே ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டைச் செருகி உருவுங்கள். என் விசிட்டிங் கார்டு உருப்படியாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது இதற்கு மட்டும்தான்.

ஸ்பார்க் நன்றாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோலில் தண்ணீர். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கார்புரேட்டரின் அடியிலுள்ள ஸ்குருவைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தானே வருகிறது? எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும்; அளவு மீறினால் இரண்டும் கூட்டு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மழையில் டாங்க் மூடியைத் திறந்து பார்த்த என் புத்திசாலித்தனம் இப்போது புரிகிறதா?

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உதைக்கவே கூடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டி, ஏர்ஃபில்டர் மூழ்கிய வண்டி. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்தாலும் வளையும். அங்கே இருபது ரூபாய்க் கணக்கு இல்லை. ஆயிரங்களில் பேச வேண்டும். தள்ளிக்கொண்டு போய் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். அந்த டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு பாய் கடை வாசலில் வரிசையில் நின்ற வண்டிகளில் பாதி, தண்ணீரால் கெட்டது இல்லையாம், அவசரத்தால் கெட்டதாம். பாய் சொன்னார்.

மழைக்கு முன்னாலேயே ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இருட்டில், வெட்டவெளியில் வண்டியை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயரால் பிளக் வயரின் மேல் பூப்போலத் தெளியுங்கள். தள்ளி நின்று. கரன்ட் கசிகிற இடத்தில் நீலமாக மினுக்கும். அந்த இடத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது. நான் இதைச் செய்தது ஒரு அமாவாசை ராத்திரி. வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவனை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டார். அன்றிலிருந்து தன் பேரனை எங்கள் வாசல் பக்கம் விடுவதில்லை.

மற்றபடி கேப்பின் வாயில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ், அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று, போதும். சில எஞ்சின்களில் பிளக் உட்காரும் குழிக்கு ஒரு வடிகால் துளை உண்டு. எங்கள் தெருவில் இருப்பதைப் போலவே அதுவும் அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்திவிடுங்கள். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரேயும் நல்லதுதான். 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோவில் செய்தார்கள். தண்ணீரை விரட்ட ஒரு கலவை தேடி நாற்பதாவது முயற்சியில் வெற்றி, அதுதான் அந்த 40. முதலில் அட்லஸ் ஏவுகணை துருப்பிடிக்காமல் இருக்க அடித்தார்களாம். சூடான எஞ்சின் மேல் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். பிரேக் பக்கமும் வேண்டாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"நம்மளுது புது வண்டி சார், பி.எஸ். சிக்ஸ்" என்று காலரைத் தூக்கிவிடுகிறவர்களுக்கு: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் ஊற்றுகிறது. ஆனால் பிளக்கும் கேப்பும் அதிலும் உண்டு. பனியன் துணி வைத்தியம் அதற்கும் செல்லும். கூடவே சைடு ஸ்டாண்ட் ஸ்விட்சில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகாமல் ஒயர்களை விட்டுவிடுங்கள்.

2024 நவம்பரில் ஒரு தூறல் காலை. அதே சுரங்கப்பாதை, அதே மேடு. முழுக்கை சட்டை, ஷூ, முதுகில் லேப்டாப் பையோடு ஒரு பையன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். குடையோடு ஒரு பெரியவர், "சாய்ச்சுப் பிடி தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. வண்டியை ஓரம் கட்டி, பெட்டியிலிருந்து பனியன் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தள்ளுங்க தம்பி" என்று கேப்பைப் பிடுங்கினேன். அதே ஒரு ஸ்பூன் தண்ணீர். துடைத்துக்கொண்டே, "இன்டர்வியூவா?" என்று கேட்டேன்.

"ஆமா சார், பத்து மணிக்கு. பதினோரு பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க" என்றான் வாட்சைப் பார்த்தபடி. "நான் போய்த்தான் சார் எடுக்கணும்."

கேப் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாட்டிக் கொடுத்தேன்.