காலி ஊறுகாய் பாட்டில் இருக்கா? காற்றுக்கு அணையாத கார்த்திகை விளக்கு ரெடி!

ஊறுகாய் தீர்ந்த பிறகும் கண்ணாடி பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வராத வீடா உங்களுடையது? அப்படியென்றால் இந்தக் கார்த்திகைக்கு அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதியில் பேரம் பேசி வாங்கிவந்த அகல்களை வாசலில் வரிசையாக ஏற்றிவிட்டுத் திரும்பினால், முதல் நான்கு அணைந்திருக்கும். கார்த்திகை என்றாலே சென்னைக்கு மழையும் காற்றும்தானே! அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் மாடி பால்கனி என்றால் கேட்கவே வேண்டாம்.

2016-ல் திருக்கார்த்திகை நாளான டிசம்பர் 12 அன்றுதான் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. விளக்கேற்ற வேண்டிய மாலையில் ஊரே இருட்டு. பல இடங்களில் கரன்ட் வர நாள்கணக்கில் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இதே கதைதான். கைகொடுத்தது மெழுகுவத்தி. ஆனால், எவர்சில்வர் தட்டில் மெழுகை உருக்கி ஒட்டவைத்து, பக்கத்திலேயே ஜன்னல் திரை ஆடினால்..? நினைத்தாலே பகீர் என்கிறது.

அகன்ற வாயுள்ள ஜாம், ஊறுகாய் பாட்டில்கள்தான் இதற்குச் சரி. வாய் குறுகலாக இருந்தால் காற்று போகாமல் சுடர் திணறி, கண்ணாடி முழுக்கக் கரி படியும். இப்போது பல பாட்டில்கள் பிளாஸ்டிக்கில் வருவதால், தட்டிப் பார்த்து எடுங்கள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் லேபிள் உரிந்துவிடும். மிச்சமிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்தால் போதும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மணல் போட்டு, நடுவில் குட்டையான மெழுகுவத்தியை நட்டுவிடுங்கள். மணலுக்குப் பதில் கோலப்பொடியும் போடலாம். கல்லை அரைத்த பொடியாக இருக்கட்டும், அரிசி மாவு வேண்டாம். மார்கழிக்கு வாங்கி மிஞ்சிய கலர் பொடிகளை அடுக்கடுக்காகப் போட்டால், வெளியே தெரியும் கோடுகளே அலங்காரம். தி.நகரில் லேஸும் மணியும் தேடி அலைய வேண்டாம். கட்டியே தீருவேன் என்பவர்கள் பாட்டிலின் அடிப்பாகத்தில், மணல் மட்டத்துக்குக் கீழே கட்டுங்கள். வாய்ப்பக்கம் சணல், துணி, பிளாஸ்டிக் பூ எதுவும் கூடாது.

இனி சொல்வதுதான் முக்கியம். இது சாதாரண கண்ணாடி. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பட்டுக்கொண்டே இருந்தாலோ, சூடேறிய பாட்டிலில் மழைச்சாரல் தெறித்தாலோ, சட்டென்று விரிசல் விடும். அதனால் மெழுகுவத்தி சரியாக நடுவில் நிற்க வேண்டும். பாட்டிலைச் சாரல் படாத இடத்தில், ஓடு அல்லது தட்டு மேல் வையுங்கள். ஏற்கெனவே கீறல் உள்ள பாட்டில் குப்பைக்குத்தான். உள்ளே கைவிட்டு ஏற்றாமல், நீளமான ஊதுபத்தியால் ஏற்றுங்கள். மணலுக்கு மேல் அரை அங்குலம் மீதமிருக்கும்போதே அணைத்துவிடுங்கள். ஆறும்வரை தண்ணீர் ஊற்றுவதும் தொடுவதும் வேண்டாம். குழந்தைகள் கோலப்பொடியை அடுக்கட்டும், ஏற்றுவது பெரியவர்கள் வேலை.

கார்த்திகை முடிந்ததும் பாட்டிலை உள்ளே வைத்துவிடாதீர்கள். சாந்தோமிலும் லஸ்ஸிலும் கிறிஸ்துமஸ் களைகட்டும் நேரம் அது. சொல்லப்போனால், 'லஸ்' என்றாலே போர்ச்சுகீசிய மொழியில் வெளிச்சம் என்றுதான் அர்த்தம். அங்கிருக்கும் பழைமையான பிரகாச மாதா ஆலயத்தால் வந்த பெயர். உறைந்த மெழுகுக் கட்டியை ஸ்பூனால் எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் வெள்ளைக் கோலப்பொடி தூவினால், அதே பாட்டில் கிறிஸ்துமஸுக்கும் தயார்!