எல்லாம் ‘அவங்க’ வந்ததாலதானா?



காலை வழிபாட்டில் நான் செய்தி வாசித்த அன்று, ஐரோப்பாவில் ‘தீவிர வலதுசாரிக் கட்சிகள்’ வளருவதாக ஒரு செய்தி இருந்தது. வாசித்தேனே தவிர எனக்கே அர்த்தம் புரியல. சமூக அறிவியல் மிஸ்ஸைக் கேட்டேன். மிஸ் சொன்னதையும் நான் படித்ததையும் எழுதியிருக்கேன்.

அது என்ன கட்சி?

“நாடு நம்முடையது. வெளியிலிருந்து வந்தவங்களாலதான் நமக்கு வேலை இல்லை. பெரிய கட்சிகள் ஏமாத்துறாங்க. உண்மையான மக்களின் கட்சி நாங்கதான்” என்று இவை பேசும். பிரான்சில் இப்படி ஒரு கட்சி 1972இல் தொடங்கியது. அதன் வேட்பாளர் மரின் லு பென் 2022 அதிபர் தேர்தலில் 41 சதவீத ஓட்டு வாங்கித் தோற்றார். ஜெர்மனியில் 2013இல் தொடங்கிய ஒரு கட்சி 2025 தேர்தலில் இரண்டாம் இடம் பிடித்தது.

எங்கேயோ நடக்குதுன்னு நினைக்காதீங்க. நம்ம ஆளுங்களே இதில் மாட்டியிருக்காங்க!

பம்பாயில் நடந்தது

1966 ஜூன் 19இல் கார்ட்டூன் ஓவியர் பால் தாக்கரே சிவசேனாவைத் தொடங்கினார். அப்போது மராத்தி இளைஞர்கள் பலருக்கு வேலை இல்லை. அந்தக் கஷ்டம் உண்மைதான். ஆபீஸ்களில் டைப்பிங், கிளார்க் வேலையில் தென்னிந்தியர் நிறைய இருந்தாங்க. தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ் அவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டது. லுங்கிக்காரர்களை விரட்டு என்று கோஷம் எழுந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 1968 மாநகராட்சித் தேர்தலில் சிவசேனா 42 இடங்களில் ஜெயித்தது.

ஆனால் வேலைப் பிரச்சினை தீர்ந்ததா? 1982இல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தாங்க. அதன்பின் பல மில்கள் திறக்கவே இல்லை. அதை மூடியது தமிழர்கள் இல்லையே! அதற்குள் கட்சியின் பேச்சு முஸ்லிம்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. எதிரி மட்டும் மாறினாங்க.

எங்க வீட்டில்

எங்க பெரிய தாத்தா அப்போது பம்பாயில் டைப்பிஸ்ட். வெளியே போகும்போது லுங்கியை மாற்றி பேண்ட் போட்டுக்கொள்வாராம்.

அப்பா தறியை நிறுத்திவிட்டு இப்போ ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போறார். ஒருநாள், “பீகார்காரன் வந்து நம்ம பொழப்பைக் கெடுக்கிறான்” என்றார். பெரிய தாத்தா, “என்னையும் இப்படித்தான்டா சொன்னாங்க” என்றார். அப்பா பதில் பேசல.

நான் யோசித்தேன். எங்க தறி நின்றதற்குக் காரணம் பட்டு, சரிகை விலை ஏறியதும், விசைத்தறிப் புடவை மலிவாக வந்ததும்தான். குறைந்த கூலியை முடிவு பண்றது கான்ட்ராக்டர். பீகாரிலிருந்து வந்த அண்ணன் கூலி வாங்குறவர்தான், கொடுக்கிறவர் இல்லை. அப்பாவின் கஷ்டம் உண்மை. ஆனால் காரணம் வேறே.

நம்ம பள்ளியில்

ஆறாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். எல்லோரும் “ஏ இந்தி!” என்று கூப்பிடுறோம். நானும் கூப்பிட்டிருக்கேன். அவள் வீட்டில் பேசுவது ஒடியா. அதுகூட நமக்குத் தெரியல.

யாராவது “எல்லாம் அவங்களாலதான்” என்று சொன்னால், “எப்படி?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. நான் இனிமேல் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நீங்களும் கூப்பிடுவீங்களா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தென்னேரி