எழுத்துக் கோப்பு – 9: எழுதாமல் விட்ட வரிகள்

அலங்காரம் ஏதுமில்லாத வெறும் எழுத்துக் கோப்பின் பெருமைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைப் பி.டி.எஃப். ஆகவோ மின்னூலாகவோ மாற்றப் போகும்போதுதான் அதன் ஏழ்மை தெரியவரும். முதல் வரியில் நூலின் பெயரை எழுதியிருப்போம். மென்பொருளுக்கு அதுவும் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

ஆகவே கோப்பின் தலைமாட்டில் நாலைந்து வரிகளைத் தனியாக எழுத வேண்டும். வானியலாளர் கார்ஸ்டன் டோமினிக் 2003இல் தொடங்கிய ஆர்க் மோட் என்ற எழுத்து மென்பொருளில் ஒரு ஹேஷ், ஒரு பிளஸ், ஒட்டினாற்போல் 'டைட்டில்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் நூலின் பெயர். எழுதியவர், தேதி, மொழி எல்லாம் இதே பாணிதான். பெர்க்லியின் தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட, கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பான்டாக்கில், மும்மூன்று சிறுகோடுகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவே இந்த விவரங்களை எழுதுகிறோம்.

இந்த வரிகள் இரண்டு இடங்களுக்குப் போகின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் தலைப்புப் பக்கம். மற்றது, கோப்புக்குள் மறைந்திருக்கும் மெட்டாடேட்டா. பிரவுசர் டேபில் தெரியும் பெயரும், மின்னூல் செயலி நூல்களை அடுக்கும் வரிசையும் இரண்டாவதிலிருந்து வருபவை.

எழுதாமல் விட்டால்தான் வம்பு. ஆர்க் மோடில் ஆசிரியர் பெயர் தராவிட்டால், கணினிக் கணக்கில் பதிந்திருக்கும் பெயரை அதுவே எடுத்துப் போட்டுவிடும். பழைய கணினியை வாங்கிக் கணக்கை மாற்றாமல் வைத்திருப்பவர், முன்பு வைத்திருந்தவரை ஆசிரியராக்கிவிடுவார். தேதியும் அப்படித்தான். தாத்தா 1962இல் எழுதிய பயணக் குறிப்பைத் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கினால் தலைப்பின் கீழே இன்றைய தேதி விழும். நாளை மறுபடி மாற்றினால் நாளைய தேதி. பான்டாக் தேதி தராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

தானாக ஏறும் பெயர் சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் பல ஆண்டுகள் பிடிபடாமலிருந்த தொடர் கொலைகாரன் டென்னிஸ் ரேடர், 2005இல் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு ஃபிளாப்பி அனுப்பினான். அதில் அழித்திருந்த வேர்டு கோப்பின் மெட்டாடேட்டாவில் ஒரு தேவாலயத்தின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டென்னிஸ்' என்பதும் இருந்தன. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி தலைப்புப் பக்கம். ஆர்க் மோட் பி.டி.எஃப். தயாரிக்க நம்புவது லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை. அதில் 'ஆர்ட்டிக்கிள்' என்ற ஆவண வகையைத் தேர்ந்தால் தலைப்பு, பொருளடக்கம், முதல் பத்தி மூன்றும் ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். 'ரிப்போர்ட்', 'புக்' வகைகளில் தலைப்புக்குத் தனிப் பக்கம். ஆர்ட்டிக்கிளிலேயே தனிப் பக்கம் வேண்டுமானால், அந்த வகையின் விருப்பங்களில் 'டைட்டில்பேஜ்' என்று சேர்த்தால் போதும். பெரும்பாலோர் இதை அறியாமல் வெற்று வரிகளைத் தட்டித் தட்டித் தலைப்பைக் கீழே தள்ளப் பார்க்கிறார்கள்.

பான்டாக்கில் தமிழ் எழுத்தாளர்களுக்கென்றே காத்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. 'நொய்யல்: ஒரு நதியின் கதை' என்பதுபோல் முக்காற்புள்ளி வைத்துப் பெயரிடுவது நம் வழக்கம். பான்டாக்கிலும் 'டைட்டில்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி வருவதால், பெயருக்குள் வரும் இரண்டாவது முக்காற்புள்ளியில் அது குழம்பிப் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைத்தால் சரியாகிவிடும்.

மின்னூலுக்கு, அதாவது ஈபப் வடிவத்துக்கு, மூன்று விவரங்கள் கட்டாயம்: தலைப்பு, மொழி, அடையாள எண். மொழியை விட்டால் பான்டாக் கணினியின் மொழி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும். நம்மில் பலருக்கு அது ஆங்கிலம். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலி அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழில் தடுமாறும். டி, ஏ என்ற இரண்டெழுத்துக் குறியைத் தந்தால் தீர்ந்தது. அடையாள எண் தராவிட்டால் பான்டாக் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் புதிதாக ஒன்றைத் தானே உண்டாக்கும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பினால், சில வாசிப்புச் செயலிகளில் அது வேறொரு புத்தகமாக உட்கார்ந்துகொள்ளும். வாசகர் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்ற குறிப்பு பழைய பிரதியிலேயே தங்கிவிடும். ஐ.எஸ்.பி.என். இருந்தால் அதையே தரலாம். இல்லையென்றால் நீங்களே ஒரு குறியை வகுத்து, திருத்திய பதிப்புகளிலும் அதையே வைத்திருங்கள்.

(தொடரும்)