கடலில் உழைப்போர்க்கு ஓய்வு நேரம்

கொல்கத்தா அங்காடிகளில் விலைபோகும் உல்லம் மீனை வங்காளிகள் இலீஷ் என்பர். காக்துவீப், நாம்கானா முதலிய இடங்களிலிருந்து வங்காள விரிகுடாவிற்குச் செல்லும் விசைப்படகுகள் அதனைப் பிடித்து வருகின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அது நீங்கியதும், பருவமழைக் கடலில் படகுகள் பல நாட்கள் தங்கித் தொழில் செய்கின்றன. வலை விடுதல், இழுத்தல், மீனைப் பிரித்துப் பனிக்கட்டியில் அடுக்குதல் என இரவும் பகலும் வேலை தொடர்கிறது. உறக்கம் குன்றியவர் சுக்கான் பிடிப்பது படகிலுள்ள அனைவரின் உயிருக்கும் ஊறாகும்.

தொழிற்சாலைகளில் நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியது. கடலில் இத்தகைய வரம்பு எளிதன்று. மீன் கூட்டம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. 1920இல் ஜெனோவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, மீன்பிடித் தொழிலிலும் வேலை நேரத்தை வரையறுக்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் அது நாடுகளைக் கட்டுப்படுத்தவில்லை.

2007இல் உருவாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 188ஆம் உடன்படிக்கை வேறொரு வழியைக் கண்டது. அது வேலையை அளக்காமல் ஓய்வை அளந்தது. மூன்று நாட்களுக்கு மேல் கடலில் தங்கும் கலங்களில், எந்த 24 மணி நேரத்திலும் 10 மணிக்குக் குறையாமலும், எந்த ஏழு நாட்களிலும் 77 மணிக்குக் குறையாமலும் ஓய்வு தரப்படல் வேண்டும். வாரத்தின் 168 மணியில் 77 போக எஞ்சுவது 91 மணி. இதுவும் கடும் உழைப்பே. எனினும் அதற்கோர் எல்லை உண்டு. கலத்திற்கோ ஆட்களுக்கோ பிடித்த மீனுக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தாலும், பிறர் ஆபத்தில் உதவ நேர்ந்தாலும் தலைவர் ஓய்வை நிறுத்தி வைக்கலாம். பின்னர் அதனை ஈடுசெய்ய வேண்டும்.

ஆசியாவில் முதன்முதலாகத் தாய்லாந்து 2019இல் இதனை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

சட்டம் மட்டும் போதுமா? நம் படகுகளில் கூலி பெரும்பாலும் பிடிப்பின் பங்காகவே கிடைக்கிறது. ஓய்வெடுத்தால் பங்கு குறையும் என்று அஞ்சுபவர் தாமே ஓய்வை விட்டுக்கொடுப்பார். ஆகவே முறைவைத்து உறங்குவதற்குப் போதிய ஆட்களும், பங்கோடு குறைந்தபட்ச ஊதியமும், படகில் ஓய்வுநேரப் பதிவேடும் இணைந்தாலன்றி மணிக்கணக்கு ஏட்டளவிலேயே நிற்கும். துறைமுகத்தில் வலையையும் உரிமத்தையும் சோதிக்கும் அதிகாரிகள், கரையேறுபவர் எத்தனை மணி உறங்கினார் என்பதையும் கேட்கும் நாளே இவ்விதி உயிர்பெறும் நாளாகும்.